எல்லைமயக்கமும் மங்கற் கணக் கொள்கைகளும்

அந்திப்பொழுதிற் சேய்மைக்கண் நிற்கும் ஒன்றைக் கண்டு, குற்றியோ மகனோ என்று ஐயுறுதல் உலகியல்பு. அணுகிச் சென்று நோக்கினால் அவ்வையம் நீங்கும். நின்ற பொருள் குற்றியாகவோ மகனாகவோ முன்னரே துணிந்து நிற்பது; துணிவின்மை காண்பான் அறிவின்கண்ணதேயன்றிப் பொருளின்கண்ணதன்று. இனி, முற்றத்தில் நெல் குவிந்து கிடக்கின்றது. அதனின்றும் ஒவ்வொரு மணியாக நீக்கிவருங்கால், எந்த மணி நீங்கியபோது குவியல் குவியலல்லாததாயிற்று என்று வினவின், விடை கூறுதல் அரிது. ஈண்டு அணுகி நோக்குதலாற் பயனில்லை. மணிகளை முற்றவும் எண்ணி, இத்தனை என்று துணிந்த பின்னரும் மயக்கம் நீங்காது நிற்கும். முன்னையது ஐயம், பின்னையது எல்லைமயக்கம். இவ்விரண்டன் வேறுபாடும் உளங்கொள்ளப்படாதவழி, இங்கு ஆராயப்படும் கணிதக் கொள்கைகளின் நிறையும் குறையும் விளங்கமாட்டா.

குவியல் பற்றிய இவ்வினா, கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலேத்து நகரத்து யூபுலிடிஸ் என்னும் கிரேக்கத் தருக்க நூலார் பெயரால் வழங்குவது. அதன் வடிவம் வருமாறு: பதினாயிரம் மணி ஒரு குவியல், ஒரு குவியலினின்று ஒரு மணி நீக்கினால் எஞ்சியதும் குவியலே, ஆகவே ஒரு மணியும் குவியலே. முதற்கூற்று மறுக்கொணாதது. இரண்டாவதை மறுப்பவர், இன்ன மணியே எல்லை என்று காட்டுங் கடன் உடையவராவர். அதனைக் காட்டவல்லார் ஒருவருமிலர். முடிபோ யாவராலும் கொள்ளத்தகாதது. இரண்டு ஏற்புடைய கூற்றுக்களினின்று ஏலாத முடிபு பிறத்தலின், இது வெறும் சொல்விளையாட்டன்றி, அளவை நூலுக்கே நேர்ந்த இடர்ப்பாடாயிற்று.

கணக் கோட்பாட்டை நிறுவினோர் இவ்விடர்ப்பாட்டைத் தம் வாயிலின் புறத்தே நிறுத்தினர். கணம் என்பது துணிந்தனவும் தம்முள் வேறுபட்டனவுமாகிய பொருள்களின் தொகுதி எனக் காண்டர் 1895-இல் வரையறுத்தார். எல்லை கூர்மையாக அமையாத கருத்து கருத்தேயன்று என்பது பிரேகே 1903-இல் வற்புறுத்திய கொள்கை. 1908-இல் செர்மெலோ கணங்களுக்குரிய எடுகோள்களை, அஃதாவது நிறுவப்படாமல் முதற்கண் ஏற்றுக்கொள்ளப்படுங் கூற்றுக்களை, வகுத்தபோது, ஒரு கணத்தினின்று ஒரு பண்பினாற் பகுதியொன்றைப் பிரித்தெடுக்க வேண்டுமாயின், அப்பண்பு துணிந்த பண்பாதல் வேண்டும் என்று விதித்தார். துணிந்த பண்பு யாது என்பதே அவர் நூலில் முற்றத் தெளிவாகவில்லை. 1922-இல் ஸ்கோலெம், முறைப்படி எழுதப்பட்ட சூத்திரத்தாற் சொல்லத்தக்கதே துணிந்த பண்பு என்று கூறி அக்குறையை நிரப்பினார். இதனாற் பெறப்படுவது யாதெனின், யாதொரு பொருளும் யாதொரு கணத்திற்கும் உறுப்பாகும், அல்லது ஆகாது; மூன்றாவது நிலை இல்லை என்பது. குவியல், நெட்டையன், முதியோன், அந்தி முதலிய சொற்கள் இவ்வாயிலில் நுழையமாட்டா. உலக வழக்கிற் பெரும்பாலான சொற்கள் இத்தகையனவாதலின், ஒழிக்கப்பட்டது சிறிதன்று.

ஒழிக்கப்பட்டவற்றுக்கு இடந்தர முயன்றவருள் முதன்மையாக எண்ணப்படுபவர் லோட்பி ஸாதே என்பவர். பாகு நகரிற் பிறந்து, தெஹ்ரானில் வளர்ந்து, அமெரிக்க நாட்டுப் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்பித்த இவர், 1965-இல் மங்கற் கணம் என்னும் கருத்தை வெளியிட்டார். அதே ஆண்டிற் பெர்லினில் டீட்டர் கிளாவா என்பவரும், பலமதிப்பு அளவையை அடியாகக் கொண்டு ஒத்ததொரு கணக் கொள்கையை வெளியிட்டார். ஸாதே கூறியது இது: ஒரு பொருள் ஒரு கணத்திற்கு உறுப்பாதல் ஆகாமை என்னும் இரண்டோடு நில்லாமல், 0 முதல் 1 வரையுள்ள மெய்யெண்களுள் ஒன்றை உறுப்புநிலையின் படியாகக் கொள்க. ஒன்றினும் மிகப் பெரிய எண்கள் என்னும் கணத்தை எடுத்துக்காட்டி, 1-க்கு 0, 5-க்கு 0.01, 10-க்கு 0.2, 100-க்கு 0.95, 500-க்கு 1 எனப் படிகள் அமையலாம் என்றார். இரண்டு கணங்களின் வெட்டுக்குச் சிறிய படியையும், சேர்ப்புக்குப் பெரிய படியையும், மறுதலைக்கு ஒன்றினின்று கழித்த மிச்சத்தையும் கொள்ளுதல் அவர் விதி.

இக்கொள்கையின் பயன் மறுக்கற்பாலதன்று. இலண்டனில் மம்தானி, அசிலியன் என்போர் சிறு நீராவிப் பொறியொன்றை இம்முறையால் ஆண்டு, அதன் முடிபை 1975-இல் வெளியிட்டனர். 1987-இல் ஜப்பான் நாட்டுச் செந்தாய் நகரில் தொடங்கிய சுரங்க இருப்புப்பாதை வண்டிகள் இம்முறையாற் செலுத்தப்பட்டன. "வேகம் சற்று மிகின் தடையைச் சிறிது அழுத்துக" என்னும் வழக்குமொழியைப் பொறிக்கு உணர்த்துதற்கு இது நல்ல கருவி. ஆயினும் கருவியின் தகுதி வேறு. இலக்கணத்தின் தகுதி வேறு. எல்லைமயக்கத்தின் இயல்பை இக்கொள்கை உரைத்துவிட்டது என்பாருளர் ஆகலின், அக்கூற்றே ஈண்டு ஆராயப்படுவது.

ஓர் இலக்கணம் இலக்கியத்தின் ஒரு பகுதியிற் செல்லாதொழியின் அவ்வியாத்தி. இலக்கியமல்லாததிலும் செல்லின் அதிவியாத்தி. எங்கும் செல்லாதாயின் அசம்பவம். எல்லைமயக்கத்திற்கு உயிராய பண்பு, இதுவே கடைசி என்று காட்டத்தக்க ஓர் உறுப்பு இன்மை. ஸாதே காட்டிய எடுத்துக்காட்டிலேயே இதனைச் சோதிக்க. 100-க்கு 0.95; 500-க்கு 1. எனவே 100-க்கு மேல் எண்ணிச் செல்லுங்கால், 1 என்னும் முழுப்படியை முதன்முதலாகப் பெறும் எண் ஒன்று 500-க்குள் இருந்தே தீரும். அவ்வெண் ஒன்றினும் மிகப் பெரியது என்பதில் ஒரு குறையுமில்லை. அதற்கு முந்திய எண்ணுக்கோ குறையுண்டு. அவ்வாறே 1-க்கு 0 என்றும் 5-க்கு 0.01 என்றும் வைத்தலின், சுன்னத்தை விட்டு முதன்முதல் எழும் எண்ணும் ஒன்றுண்டு. ஓர் எல்லையை நீக்கப் புகுந்தவிடத்து இரண்டு எல்லைகள் தோன்றின. அவற்றின் இடையிலும் படிதோறும் ஓர் எல்லையுண்டு, 0.5-க்குக் குறையாதவை எவையென வினவின், அவை கூரிய எல்லையுடைய கணமேயாம். நீக்கப்பட்டதாகக் கருதிய எல்லை நீங்கவில்லை, பலவாகப் பெருகிற்று.

அற்றேல், அப்படிகள் ஏறத்தாழக் கூறப்பட்டனவேயன்றித் துணிந்து கூறப்பட்டனவல்ல எனின், அதுவும் பொருந்தாது. படி ஏறத்தாழ உளது எனின், அவ்வேறத்தாழ்மை மீண்டும் ஓர் எல்லைமயக்கமாம். அதனை அளத்தற்குப் பிறிதொரு மங்கற் கணம் வேண்டும். ஸாதே தாமே 1975-இல், படிகளே மங்கலாயமைந்த இரண்டாம் வகைக் கணங்களை விரித்துரைத்தார். இரண்டாம் வகையின் படிகளைத் துணிந்தன என்னின் முன்னைக் குற்றம் மீளும். மங்கலாயின என்னின் மூன்றாம் வகை வேண்டப்படும். அதற்கு நான்காவது வேண்டப்படும். இது முடிவின்றிச் செல்லும் அநவத்தையென்னுங் குற்றமாம்.

இன்னும் ஒரு தடையுண்டு. அந்தியில் ஒரு கணப்பொழுதைக் கருதுக. "இது பகல்" என்பதற்கு 0.5, "இது இரவு" என்பதற்கு 0.5 எனப் படி வைக்க. "இது பகலும் ஆம், இரவும் ஆம்" என்னும் கூற்றுக்குச் சிறிய படியாகிய 0.5 கிடைக்கும். "இது பகலும் ஆம், பகலும் ஆம்" என்பதற்கும் அதுவே கிடைக்கும். முன்னையது தன்னைத் தானே அழிக்கும் கூற்று. பின்னையது ஒன்றையே இருமுறை கூறுவது. இரண்டற்கும் ஒரே படி என்பது யாங்ஙனம்? சிறிய படியை விடுத்து வேறு விதி கொண்டாலும் இக்குற்றம் நீங்காது. கூட்டுக்கூற்றின் படி அதன் பகுதிகளின் படிகளையே சார்ந்தது என்று கொள்ளுங்காறும், பகுதிகளின் படி ஒத்தவிடத்துக் கூட்டுக்கூற்றின் படியும் ஒத்தே தீரும். பகலும் இரவும் ஒன்றையொன்று விலக்கும் இயைபினை எண்கள் அறியமாட்டா. 1975-இல் கிட் பைன் என்பார், பலமதிப்பு அளவையினர்மேல் நிகழ்த்திய தடை இவ்வகையினதே. சொல்லைக் கூர்மையாக்குதற்குத் தகுந்த வழிகள் எத்தனையுளவோ அத்தனையிலும் மெய்யாவதே மெய் என்பது அவர் கண்ட விடை. அவ்விடையும், தகுந்த வழி எது தகாத வழி எது என்னும் எல்லையிற் சென்று முட்டுதலின், இவ்வினாவை முற்ற ஒழிக்கவில்லை.

இனி, எண்ணையன்றி எடுகோளையே அடியாகக் கொண்டாருடைய கொள்கைகள் ஆராயப்படும். ஜோசப் கோகென் 1967-இல், படிகள் மெய்யெண்களாதல் வேண்டா. மேல் கீழ் என்னும் முறை பொருந்திய எவ்வமைப்பும் அமையும் என்று காட்டினார். 1969-இல், குவியல் வினாவுக்கு அவர் கூறிய விடை நுண்ணியது. "ஒரு மணி நீக்கினும் குவியலே" என்னும் கூற்று முழுமெய்யன்று. மெய்க்கு மிக அணித்தாயது. அதன் படி 0.999 எனக் கொண்டு, அதனை ஆயிரமுறை பயன்படுத்தினால், படிகள் ஒன்றோடொன்று பெருகி ஏறத்தாழ 0.37 ஆகும், பதினாயிரமுறை பயன்படுத்தின் 0.00005-க்கும் குறையும். சிறு பிழை நெடுவழியிற் பெரும்பிழையாதலை இது நன்கு விளக்குகின்றது. வழக்கில் அவ்வாதம் ஏன் மயக்குகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் அரிது. ஆயினும் 0.999 என்பது எங்கிருந்து வந்தது என்னும் வினா முன்போலவே நிற்கும்.

1974, 1975 ஆம் ஆண்டுகளிற் சாப்பின் என்பவர், "இது இதற்கு இத்துணைப் படியில் உறுப்பு" என்னும் முப்பொருட் டொடர்பையே முதலாகக் கொண்டு, படிகளும் கணங்களேயாகும்படி எடுகோள்களை அமைத்தார். தாகேயுதி, திதானி என்னும் ஜப்பானியர் 1984-இலும் 1992-இலும், அளவையையே மங்கலாக்கி அதன்மேற் கணக் கோட்பாட்டை எழுப்பினர். பிராகு நகரத்துப் பெத்ர் ஹாயெக் 1998-இல் மங்கல் அளவையின் அடிப்படையை ஒரு பெருநூலால் நிறுவி, 2003-இல் ஹானிகோவாவுடன் சேர்ந்து, செர்மெலோ வழிவந்த எடுகோள்களை அவ்வளவையில் வைத்து விரித்தார். இவ்வழியில் உறுப்பாதல் என்பது புறத்தே நின்று அளக்கப்படுவதன்று. "உறுப்பு" என்னும் சொல்லே படியுடைய சொல்லாகின்றது. இது பெரியதோர் ஏற்றமே. பழைய எடுகோள்களை அப்படியே பெயர்த்து வைத்தலும் ஆகாது. கணத்துக்கு அடிப்படையுண்டு என்னும் எடுகோளை வழக்கமான வடிவிற் சேர்த்தால், ஒன்று ஆம் அல்லது அன்று என்னும் இடையிலா விதி மீண்டும் புகுந்து, மங்கல் யாவும் மறைந்தொழியும். ஆதலின் அதனிடத்தில் உறுப்புவழித் தொகுத்தறிதல் வைக்கப்பட்டது. எந்த எடுகோளினுள் கூரிய எல்லை மறைந்திருந்தது என்பதை வெளிப்படுத்தியதே இம்முறையின் சிறந்த பயன் என்க.

ஆயினும் ஹாயெக், ஹானிகோவா இருவரும் கொண்ட அளவையில், "முழுமெய்" என்று பொருள்படும் குறியொன்றும் சேர்க்கப்பட்டுளது. ஒரு கூற்று முழுமெய்யாயின் அக்குறி 1 தரும். சிறிது குறையினும் 0 தரும். முழுக்குவியல் எது என்று அக்குறியால் வினவின், கூரிய எல்லை மீளவும் வரும். இதற்கு விடையாக, எல்லைமயக்கம் முழுவதையும் உரைத்தல் மங்கல் அளவையின் நோக்கமன்று. கூடிய மெய், குறைந்த மெய் என்னும் ஒப்புமையை ஆராய்தலே நோக்கம் எனின், அவ்விடை ஏற்புடையதே. தன் எல்லையைத் தானே கூறும் கொள்கையிற் குற்றமில்லை. அவ்வெல்லையை மறந்து, மயக்கம் தீர்ந்தது என்று உரைப்பாரிடத்தே குற்றமுளது.

இவற்றின் வேறாய வழியொன்றை அதே பிராகு நகரில் பெத்ர் வோபென்கா கண்டார். 1972-இல் ஹாயெக்குடன் சேர்ந்து அரைக்கணக் கோட்பாட்டு நூலை வெளியிட்டு, 1979-இல் மாற்றுக் கணக் கோட்பாடு என்பதனை விரித்தார். கணத்தின் பகுதியாயினும் கணமாகாத தொகுதி அரைக்கணம் எனப்படும். அத்தகையது உண்டு என்பதே அவர்தம் எடுகோள்களுள் ஒன்று. கணங்களுக்குத் தொகுத்தறிதல் செல்லும், அரைக்கணங்களுக்குச் செல்லாது. அவர் காட்டிய எடுத்துக்காட்டு நகைச்சுவையுடையது: ஒரு குரங்கு தொடங்கி, மகன் மகனுக்கு மகன் எனத் தொடர்ந்து, சார்ல்ஸ் டார்வினில் முடியும் வரிசை ஒரு கணம், அதனுட் குரங்குகளாயினவற்றின் தொகுதி அரைக்கணம். முதல்வன் குரங்கு, குரங்கின் மகனும் குரங்கு, கடைசியில் நிற்கும் டார்வின் குரங்கல்லர். ஆயினும் கடைசிக் குரங்கு என ஒன்றில்லை. தொடுவான் நோக்கி நீளும் நெடுவழியைப் போல, பார்வை எட்டுமிடம் உண்டு, எட்டாதவிடமும் உண்டு, இரண்டற்கும் இடையே கோடு இல்லை. "கடைசி எது" என்னும் வினாவுக்கு விடை தேடாமல், அவ்வினாவுக்கு விடையின்மையையே எடுகோளாக்கிய இக்கொள்கை, எல்லைமயக்கத்தின் உயிர்ப்பண்பைப் பிறர் எவரினும் அணித்தே தீண்டிற்று எனலாம்.

அங்ஙனமாயின் இதுவே குற்றமற்ற இலக்கணம் எனின், அன்று. பூச்சியமும், ஓர் எண் உளதாயின் அதனோடு ஒன்று கூட்டியதும் அவர்தம் முடிவுள்ள எண்களில் அடங்கும். அவ்வாறாயின், ஒவ்வொரு படியாகப் பதினாயிரமுறை நடந்து, பதினாயிரமும் அவற்றுள் அடங்குமென நிறுவலாம். நெற்குவியலின் மணிகளோ பதினாயிரமே. அரைக்கணத்தின் தொடுவான் எண்ணி முடியும் எந்த எண்ணுக்கும் அப்பாற்பட்டதாதலின், முற்றத்து நெல்லுக்கு அது எட்டாது. டார்வின் முன்னோர் வரிசையும் எண்ணி முடிவதே. இவ்விடர்ப்பாட்டின் மறுபக்கத்தை 1971-இல் ரோஹித் பரீக் காட்டினார். "எட்டத்தக்க எண்" என்பது ஒன்று கூட்டுதலால் மாறாது எனவும், ஒரு பேரெண் எட்டத்தக்கதன்று எனவும் கொள்ளின் முரண் உண்டு. ஆயினும் அம்முரணைக் காட்டும் நிறுவல் மிக நெடியதாம். குறுகிய நிறுவல்களால் முரண் வெளிப்படாது என்பது அவர் முடிபு. நிறுவல்களின் நீளத்துக்கு வரம்பு வைத்தால், மயக்கம் நிலைபெறும். அப்பொழுது அவ்வரம்பு எவ்வளவு என்னும் வினா எழும். எல்லை இப்பொழுது எண்ணினின்றும் நீங்கி நிறுவலின்கட் புகுந்தது.

இவ்வாறு எவ்வழியும் இடர்ப்படுதலின், எல்லை உண்மையில் உளது; அதனை அறியமாட்டாமையே மயக்கம் என்று கொள்க என்பர் சிலர். 1994-இல் திமத்தி வில்லியம்சன் இக்கொள்கையைத் திறம்பட நிலைநிறுத்த முயன்றார். கடைசி மணி ஒன்றுண்டு. அதனை அறிதல் மாந்தர்க்கு இயலாது என்பது அவர் கூற்று. இது எல்லைமயக்கத்தை ஐயத்துள் அடக்குவதாம். பழைய அளவை சிதையாது நிற்றல் இதன் ஆதாயம். ஆயின், குற்றியோ மகனோ என்புழி ஐயத்தை நீக்குவது எதுவென அறிவோம். அணுகிச் சேறலே அது. குவியலில் எல்லா மணியும் எண்ணப்பட்ட பின்னர் இன்னும் அறியப்பட வேண்டுவது யாது? அச்சொல்லை வழங்குவாரது வழக்கே எல்லையை நிறுவும் எனின், ஒருவரும் அறியாத வழக்கு ஒருவர் வழக்குமன்று. எல்லையை நிறுவுவது இதுவெனக் காட்டாதவழி, அவ்வெல்லை பெயரளவே.

இதுகாறும் கூறியவற்றான் துணியப்படுவன இவை. படிகளைக் கொண்ட கொள்கைகள், எல்லைமயக்கத்தின் ஒரு பகுதியாகிய மிகுதி குறைவுகளை உரைக்கவல்லன, கடைசியின்மையை உரைக்கமாட்டா. அரைக்கணக் கொள்கை கடைசியின்மையை உரைக்கவல்லது. மிகுதி குறைவுகளை உரைப்பதற்கு அதன்கட் சொல்லில்லை. முற்றத்து நெல்லுக்கும் அது எட்டாது. இரண்டும் இலக்கியத்தின் ஒரு பகுதியிற் செல்லாமையின் அவ்வியாத்தியே. ஆயின் அசம்பவம் எனக் கழித்தலும் தகாது. ஒவ்வொன்றும் தன் பகுதியில் உண்மை கூறுகின்றது.

இது பள்ளியிற் பேசும் வழக்கு மாத்திரமன்று. ஒருவன் வறியனோ அல்லனோ, ஒரு நோய் முற்றியதோ இல்லையோ, ஒரு சிறுவன் அறிவுவந்த பருவத்தனோ அல்லனோ என்று நாடோறும் துணிய வேண்டியவர் பலர். அவர்கட்கு 0.73 என்று ஓர் எண் கொடுக்கப்படின், துணிவு எண்ணினின்றும் வந்தது போலத் தோன்றும். எண்ணைத் தெரிந்தவர் கையும், எங்கே வெட்டுவது என்று முடிவுசெய்தவர் கையும் மறைந்துபோம். நீராவிப் பொறியிலும் கடைசியில் மங்கற் படிகள் யாவும் ஒரே துணிந்த எண்ணாக மாற்றப்பட்ட பின்னரே திறப்பான் திரும்பும். அங்கே அது குற்றமன்று. பொறிக்கு வேண்டுவது செயலே. மாந்தர்க்கு வேண்டுவது செயலோடு அச்செயலுக்குரிய பொறுப்புமாம். எல்லை பொருளில் இல்லாதவிடத்தும் செயலின்பொருட்டு எல்லை இடப்படும்; இட்டவர் இன்னார் என்பது மறைக்கப்படாதிருத்தல் வேண்டும்.

ஆகவே, எல்லைமயக்கம் பற்றி எக்கொள்கை வரினும் அதன்பால் முதற்கண் வினவற்பாலது ஒன்றே: கடைசி மணி எங்கே? உறுப்பிலா, படியிலா, அளவையின் குறியிலா, நிறுவலின் நீளத்திலா, யாண்டு அது ஒளிந்துளது எனத் தேடிக் காண்க. எடுகோள்களை ஒழுங்காக வகுத்துரைத்தாரது உழைப்பால் அவ்விடம் காண்டற்கு எளிதாயிற்று. அதுவே அவர் உலகிற்குச் செய்த உதவி. மயக்கம் தீர்ந்தது என்று கூறுவார் கூற்று மட்டும் இன்னும் நிறுவப்படாது நிற்கின்றது என்க.